100 நோயாளிகளை வைத்து இறப்பு விகித ஆய்வு செய்ய முடியுமா?

வணக்கம் டாக்டர். உங்கள் ஐசியூவில் செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) நோயாளிகள் 100 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, 28 நாள் இறப்பை முதன்மை முடிவாக வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இறப்பு 30 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைவதைக் காட்ட (பவர், அதாவது உண்மையான வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80%; ஆல்பா, அதாவது இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 0.05) ஒரு குழுவுக்கே ஏறத்தாழ 1,250 பேர் தேவை. 2000-ல் வெளியான ஏஆர்டிஎஸ் (கடுமையான நுரையீரல் செயலிழப்பு) ஆய்வு ஒன்று, வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சிலும் செலுத்தும் காற்றின் அளவை (டைடல் வால்யூம்) குறைத்துப் பார்த்தது. அதில் 861 பேர், இறப்பு 39.8-லிருந்து 31 சதவீதமாக இறங்கியது. அந்த அளவு வித்தியாசம் நம் துறையில் அபூர்வம்.

வென்டிலேட்டர் இல்லாத நாட்களை (28 நாளில் உயிரோடு, வென்டிலேட்டர் இல்லாமல் இருந்த நாட்கள்) முடிவாக வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கவனம். இறந்தவருக்குப் பூஜ்யம் போடுவதால் தரவு ஒரு பக்கம் குவியும், இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் பொருந்தாது. பிழைத்தவர்களுக்கு வென்டிலேட்டர் நாட்கள் குறைந்தால், கூடிய இறப்பு அதற்குள் மறைந்தும் போகலாம். இறப்பைத் தனியாகவும் காட்டுங்கள்.

100 பேருக்குத் தோதானது சாத்தியக்கூறு ஆய்வு, அதாவது பெரிய ஆய்வை நடத்த முடியுமா என்று முன்கூட்டியே பார்ப்பது. மாதம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், தகுதியானவர்களில் எத்தனை குடும்பங்கள் சம்மதித்தன, நெறிமுறை எங்கே மீறப்பட்டது, எந்தத் தரவு விடுபட்டது: இவற்றை அளவிடுங்கள். 'இவ்வளவு வந்தால் பெரிய ஆய்வுக்குப் போவோம்' என்ற வரம்பை முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். இதில் கிடைக்கும் சிகிச்சை வித்தியாசத்தை வைத்து அடுத்த ஆய்வின் எண்ணிக்கையைக் கணக்கிடாதீர்கள். இவ்வளவு குறைந்த பேரில் அது தற்செயலாகவே மிகவும் ஏறி இறங்கும்.

கையோடு, சேராதவர்களின் பட்டியலையும் காரணத்தோடு எழுதி வாருங்கள். பல மைய ஆய்வுக் குழுவில் இடம் கேட்கும்போது முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.