கோகோ கோலா பங்கு இதுவரை எத்தனை முறை ஸ்பிளிட் ஆகியிருக்கிறது? ஸ்பிளிட்டுக்கு முன்னால் வாங்கிவிட்டால் பாதிப் பங்கு இனாம்தானே?

ஸ்பிளிட் என்றால் கம்பெனி ஒரு பங்கை இரண்டாகவோ மூன்றாகவோ பிரிப்பது. எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன்: 11 முறை. 1927, 1935, 1960, 1965, 1968, 1977, 1986, 1990, 1992, 1996, 2012. இதில் 1935இல் ஒன்று நான்கானது. 1960இலும் 1986இலும் ஒன்று மூன்றானது. மற்றதெல்லாம் ஒன்றுக்கு இரண்டு. 1927இல் நடந்ததைப் பங்கு டிவிடெண்ட் என்பார்கள், அதாவது பணத்துக்குப் பதிலாகப் பங்காகவே தருவது. ஆனால் கைக்கு வந்தது ஒன்றுக்கு இன்னொன்று என்பதால் அதையும் சேர்த்தே எண்ணுகிறோம். 1919இல் 40 டாலருக்கு ஒரு பங்கு வாங்கித் தொடாமல் வைத்திருந்தால் இன்று 9,216 பங்கு. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி. அந்த "இனாம்" என்ற சொல்லைப் பார்த்ததால்தான் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அநேகமாக வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர். போனில் ஏதோ ஒரு ஆப் வழியாக அமெரிக்கப் பங்கு வாங்கப் பார்க்கிறீர்கள். ஒரு பங்கு ஒன்பதாயிரம் ஆன கதையை எங்கோ வீடியோவில் பார்த்திருப்பீர்கள். தப்பென்றால் மன்னிக்கவும். நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு வீடியோவுக்குப் பதிலாக ஒரு மாமா.

2011இல் அட்லாண்டாவில் ஆன்சைட்டில் இருந்தேன். கோக்கின் தலைமையகம் இருக்கிற ஊர். இங்கே இருந்துகொண்டு அந்தப் பங்கை வாங்காமல் இருப்பது திருப்பதிக்குப் போய் லட்டு வாங்காமல் திரும்புவது மாதிரி என்று கூட வேலை பார்த்த தெலுங்கு நண்பர் ஒருவர் சொன்னார். ஜூலையில் 40 பங்கு வாங்கினேன். கமிஷன் எல்லாம் சேர்த்து ஒன்று 68 டாலர் அடக்கம்.

மறு வருடம் ஏப்ரலில் ஸ்பிளிட் அறிவிப்பு வந்தது. ஜூலையில் பங்குதாரர்களின் ஒப்புதலும் வாங்கிவிட்டார்கள். எனக்கும் தபால் வந்தது. பிட்சா கூப்பன்களோடு சேர்ந்து அது நேராகக் குப்பைக்குப் போயிற்று. ஆகஸ்ட் 13, திங்கட்கிழமை. ஆபீசில் காபியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து கணக்கைத் திறந்தால், வெள்ளிக்கிழமை எண்பதுக்குச் சற்றுக் கீழே இருந்த பங்கு 39 என்று காட்டுகிறது. எண்ணிக்கை அதே 40. புதிய பங்குகள் என் கணக்கில் இன்னும் ஏறவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும்? கம்பெனி திவாலாகப் போகிறது, செய்தியில் வருவதற்குள் தப்பித்துவிட வேண்டும் என்று 40ஐயும் விற்றுவிட்டேன். கை நடுங்கியதில் காபி கீபோர்டில் கொட்டியது தனிக் கதை.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கணக்கில் இன்னொரு 40 பங்கு உட்கார்ந்திருக்கிறது!

அப்போதுதான் ஊருக்குப் போன் போட்டேன். மாமா ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி, பங்குச் சந்தையில் முப்பது வருடப் பழக்கம். குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். "அட, அது போனஸ் மாப்ள. இனாமா வந்தது. போனஸுக்கு அடக்க விலை பூஜ்யம். நீ வித்தது காசு குடுத்து வாங்கின பழைய பங்கு, அதுல நஷ்டம். வரியில கழிச்சுக்கோ" என்றார்.

அவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. இந்தியாவில் போனஸ் பங்குக்கு வரிக் கணக்கு அப்படித்தான்: இனாமாக வந்ததற்கு அடக்கம் பூஜ்யம், பழைய பங்கின் அடக்கம் அப்படியே நிற்கும். ஆனால் எனக்கு வந்தது போனஸ் இல்லை, ஸ்பிளிட். ஸ்பிளிட்டில் பங்கு இரண்டானால் அடக்க விலையும் இரண்டாகப் பிரியும். அதாவது என் அடக்கம் 68 இல்லை, 34. நான் 39க்கு விற்றது நஷ்டத்துக்கு இல்லை, பங்குக்கு 5 டாலர் லாபத்துக்கு.

வரி கட்டும் நேரத்தில் தரகு நிறுவனம் அனுப்பிய படிவத்தில் 34 என்று சரியாகத்தான் இருந்தது. நான்தான் அதைப் பார்த்து, "பாவம், தப்பாகப் போட்டுவிட்டார்கள்" என்று 68 ஆகத் திருத்தி, 1,160 டாலர் நஷ்டம் காட்டினேன். அடுத்த வருடம் தடித்த உறையில் கடிதம் வந்தது. 320 டாலரும் அதற்கு வட்டியும். உறையைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்ற மனைவி கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

"இதுகூடத் தெரியாமலா அமெரிக்காவில் வேலை பார்த்தாய்?" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: ஆமாம், தெரியாமல்தான். நான் எழுதியது சாப்ட்வேர்.

ஸ்பிளிட் என்றால் என்ன என்று எனக்குக் கடைசியில் புரியவைத்தவர் அப்பா. கோவில்பட்டிப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருந்தவர். "கடலைமிட்டாய்ப் பாளத்தை இருபது துண்டாப் போட்டா என்ன, நாப்பது துண்டாப் போட்டா என்ன? தராசுல அதே எடைதானடா" என்றார். பிறகு ஏன் பிரிக்கிறார்கள் என்றால், நாற்பது துண்டாகப் போட்டால் பள்ளிக்கூடப் பையனும் வாங்குவான். அவ்வளவுதான். அப்பா கடையில் கோக் பாட்டில் காணாமல் போனது 1977இல். கம்பெனி இந்தியாவை விட்டுப் போன வருடம். அதே வருடம் அங்கே பங்கை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அட்லாண்டாவில் அவர்களுடைய அருங்காட்சியகத்துக்கு அப்பாவைக் கூட்டிப்போனபோது, "எழுபத்தேழுல ஏன் போனாங்கன்னு இங்க எழுதியிருக்கா?" என்று சுவர் சுவராகத் தேடினார்.

அந்த 9,216 கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. எர்னஸ்ட் வுட்ரஃப் என்ற பேங்க்காரரின் கூட்டணி 1919இல் கேண்ட்லர் குடும்பத்திடமிருந்து கம்பெனியை இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கி, பங்கை 40 டாலருக்கு வெளியிட்டது. உடனே சர்க்கரை விலை குளறுபடியில் அது 19க்கு விழுந்தது. அன்றைக்கு எத்தனை பேர் வைத்திருந்திருப்பார்கள்? நான் 39ஐப் பார்த்தே ஓடியவன். ஃபுளோரிடாவில் குவின்சி என்று ஒரு சின்ன ஊர். அங்கே பாட் மன்ரோ என்ற பேங்க்காரர், வருகிற விவசாயியிடமெல்லாம் இந்தப் பங்கை வாங்கு, விற்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டவர்கள் பின்னால் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். என் மாமாவும் பேங்க்காரர்தான். எனக்கு வாய்த்தது இவர்.

(இது கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் சொல்கிறேன். இதே மாமாதான் 2014இல் "அந்தச் சோடாக் கம்பெனிப் பங்கை வித்துட்டு மண்ணுல போடு" என்று ஊரப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாட் வாங்க வைத்தார். நல்ல வேளை, பங்கை விற்கவில்லை, சேமிப்பிலிருந்து கொடுத்தேன். பத்திரத்தில் இருபது அடிப் பாதை. நேரில் போனால் பக்கத்து மனைக்காரரின் காம்பவுண்டுச் சுவர். இன்றுவரை ஒரு மாட்டு வண்டிகூட உள்ளே போகாது. ஒவ்வொரு கல்யாணத்திலும் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து "ரேட் ஏறிடுச்சு மாப்ள" என்கிறார்.)

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பிளிட் வந்தாலே விலை ஏறும் என்று சொல்பவர்களிடம் 1998ஐப் பற்றிக் கேளுங்கள். 1996இல் பிரித்த பிறகு 1998இல் பங்கு 88 டாலர் வரை போயிற்று. அதன் பிறகு இறங்கியது, 2012இல் மறுபடி பிரிக்கிற வரைக்கும் அந்த உயரத்தைத் தொடவில்லை. பதினான்கு வருடம். பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1988இலிருந்து இந்தப் பங்கை வாங்கியவர், அசையாமல் உட்கார்ந்திருந்தார். 2012 ஸ்பிளிட்டில் அவர் கம்பெனி வைத்திருந்த 20 கோடி கோக் பங்கு 40 கோடி ஆனது. அவருக்கும் அன்று காலை ஒரு பைசா கூடவில்லை. டிவிடெண்டை, அதாவது கம்பெனி லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தருகிற பணத்தை, சேர்க்காமல் பேசுகிறாயே என்று யாராவது கேட்பீர்கள். சேர்த்தால் கணக்கு நன்றாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் ஸ்பிளிட்டால் வந்ததில்லை, கம்பெனி சோடா விற்றதால் வந்தது.

நம் ஊரில் பெப்சி பாட்டில் போடுகிற வருண் பெவரேஜஸில் இரண்டுமே நடந்திருப்பதால் ரொம்பப் பேர் குழம்புகிறார்கள். 2019, 2021, 2022இல் இரண்டுக்கு ஒன்று போனஸ். 2023இலும் 2024இலும் ஸ்பிளிட். ஒரே பங்கில் சிலவற்றுக்கு அடக்கம் பூஜ்யம், சிலவற்றுக்குப் பிரிந்த அடக்கம். அது கைவசம் இருந்தால் வரிக் கணக்கை ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள், மாமாவிடம் வேண்டாம்.

நான் நிதி ஆலோசகர் இல்லை. வாங்கு, விற்காதே என்று எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் விலை பாதியாகத் தெரிந்தால் மட்டும், கை வைப்பதற்கு முன்னால் அந்தக் கம்பெனி ஏதாவது அறிவித்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். விற்காமல் மிஞ்சிய 40 பங்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. வரி அலுவலகக் கடிதமும் ஊரப்பாக்கம் பத்திரமும் இருக்கிற அதே ஃபைலில்தான் அதன் ஸ்டேட்மெண்டையும் வைத்திருக்கிறேன்.