1666இல் சபத்தாய் ட்ஸ்வி என்பவரை மேசியா, அதாவது தாங்கள் காத்திருந்த மீட்பர், என்று யூதர்கள் எப்படி நம்பினார்கள்? அவ்வளவு ஏமாளிகளா?

ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1648இல் உக்ரைனில் கொசாக்குகள் என்ற போர்வீரர்கள் நடத்திய படுகொலைகளில் நொந்துபோனவர்கள், கிடைத்த கொழுகொம்பைப் பற்றிக்கொண்டார்கள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் ஆம்ஸ்டர்டாமில் வசதியாக வாழ்ந்த வணிகர்களும் நம்பினார்களே! அவர்களில் பெரும் பணக்காரரான அப்ரஹாம் பெரைரா, புனித நாட்டுக்குப் போகிறேன் என்று புறப்பட்டே விட்டார்.

என் பார்வையில் முக்கியமான காரணம், செய்தி வந்த வழி. 1665இல் காசாவில் நாத்தான் என்ற இளம் ரபி (யூத மதகுரு), இன்றைய துருக்கியில் உள்ள இஸ்மிரில் பிறந்த சபத்தாய் ட்ஸ்விதான் மேசியா என்று அறிவித்தார். அது ஐரோப்பாவுக்குக் காற்றுவாக்கில் வந்து சேரவில்லை. சரக்கு விலையும் கப்பல் விவரமும் எழுதி வருகிற அதே வணிகக் கடிதங்களில் வந்தது. பணத்தையே நம்பி ஒப்படைக்கிற கையெழுத்து சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

ஹாம்பர்க்கில் அப்போது இளம் தாயாக இருந்த கிளிக்கல் என்ற பெண்மணி, பிற்காலத்தில் ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் தன் பிள்ளைகளுக்காக எழுதிய நினைவுக்குறிப்புகளில் இதை அப்படியே காட்டுகிறார். கடிதங்கள் பெரும்பாலும் போர்த்துகீசிய யூதர்களுக்குத்தான் வந்தன. அவர்கள் தங்கள் ஜெப ஆலயத்தில் உரக்கப் படிப்பார்கள். அதைக் கேட்க ஜெர்மானிய யூதர்களும் போய் நிற்பார்கள். போர்த்துகீசிய இளைஞர்கள் இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்தி, இடுப்பில் அகலமான பச்சைப் பட்டு நாடாவைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அது சபத்தாயின் அடையாளம்.

கிளிக்கலின் மாமனார் ஒருபடி மேலே போனார். ஹாமெல்ன் ஊரில் இருந்த வீடு வாசலை விட்டுவிட்டு ஹில்டெஸ்ஹைமுக்குக் குடிபோனார். ஹாம்பர்க்கிலிருந்து புனித நாட்டுக்குக் கப்பல் ஏற வேண்டியிருக்கும் என்று, மருமகள் வீட்டுக்கு இரண்டு பெரிய பீப்பாய்களை அனுப்பிவைத்தார். உள்ளே துணிமணிகள், பட்டாணி, பீன்ஸ், உலர்த்திய இறைச்சி என்று நாள்பட இருக்கக்கூடிய பண்டங்கள். ஓராண்டுக்கு மேல் பீப்பாய்கள் அப்படியே கிடந்தன. கடைசியில், இறைச்சி அழுகித் துணியும் பாழாகிவிடப்போகிறது, திறந்து உணவையாவது எடுத்துவிடுங்கள் என்று கடிதம் வந்தது. இந்த எதிர்பார்ப்பு முழுவதையும் கிளிக்கல் ஒரு பிரசவத்துக்கு ஒப்பிடுகிறார்: அவ்வளவு வலியும் பட்ட பிறகு பிறந்தது வெறும் காற்று. கேலி கொஞ்சம் இருக்கிறது. மாமனார் மேல் கோபம் துளிகூட இல்லை.

இன்னொன்று, இந்த நம்பிக்கை மக்களுக்கு வேலை கொடுத்தது. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தெய்வீக ஒளித்துகள்களை வேண்டுதலாலும் நற்செயலாலும் மீட்டெடுக்க வேண்டும் என்ற ஐசக் லூரியாவின் கபாலா (யூத மறைஞானம்) போதனை அப்போது பரவியிருந்தது. அந்த வழியில் வந்த நாத்தான் நோன்பும் பிராயச்சித்தமும் விதித்தார். அவருடைய வழிபாட்டு முறைகளை ஆம்ஸ்டர்டாம் அச்சகங்கள் புத்தகமாகப் போட்டுத் தள்ளின. நாள் முழுக்கப் பட்டினி கிடந்து மன்றாடுகிறவனுக்குத் தான் ஏமாறுகிறோம் என்று தோன்றாது.

எதிர்த்தவர்களும் உண்டு. லண்டன் கொள்ளைநோய்க்குத் தப்பி ஹாம்பர்க் வந்திருந்த ரபி ஜேக்கப் சஸ்போர்ட்டாஸ், வேதம் சொல்லும் அறிகுறிகள் எங்கே என்று கடிதம் கடிதமாகக் கேட்டார். (பிற்பாடு அவற்றைத் தொகுத்தபோது தன் எதிர்ப்பைக் கொஞ்சம் கூர்தீட்டிக்கொண்டார் என்பதும் தெரியவந்திருக்கிறது. வெற்றி பெற்ற பிறகு யார்தான் செய்ய மாட்டார்கள்!)

1666 செப்டம்பரில் எதிர்னே நகரில் ஒட்டோமன் சுல்தான் நான்காம் மெஹ்மெத் முன்னிலையில் சபத்தாயை நிறுத்தினார்கள். மதம் மாறு, இல்லையேல் சாவு. அவர் தலைப்பாகை அணிந்து இஸ்லாத்துக்கு மாறி அஸீஸ் மெஹ்மெத் ஆனார். அரண்மனைப் பதவியும் சம்பளமும் கிடைத்தன. பெரும்பாலோர் வெட்கத்தோடு பழைய வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். நாத்தான் மட்டும் அசரவில்லை. சிறைப்பட்ட ஒளியை மீட்க மேசியா இருளுக்குள் இறங்கியிருக்கிறார் என்றார். அதை ஏற்ற சில நூறு குடும்பங்கள் 1683இல் சலோனிகாவில் தாங்களும் இஸ்லாத்துக்கு மாறி, உள்ளுக்குள் சபத்தாயை வணங்கி வந்தன. துருக்கியில் அவர்களை தோன்மே (மதம் மாறியவர்கள்) என்பார்கள். 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் செய்தபோது, முஸ்லிம்கள் என்ற கணக்கில் அவர்களும் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள்.