மதுரைப் பக்கம் சின்ன ஊர்கள் எப்படி உருவாயின, ஏன் காலியாகின்றன?

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பூட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். பதில் பெரும்பாலும் கண்மாயில், அதாவது ஊரின் பாசன ஏரியில் இருக்கிறது.

இந்தச் சீமையில் பல ஊர்கள் கண்மாய்க் கரையை ஒட்டித்தான் வளர்ந்தன. வயலுக்குத் தண்ணீர் விட மடை, உபரிநீர் வெளியேறக் கலுங்கு. யாருக்கு எப்போது தண்ணீர் என்று பார்க்க ஒரு நீர்பாய்ச்சி. அவருக்குக் கூலி அறுவடை நெல்லில். கோடையில் ஊரே கூடித் தூர்வாரும், அதுதான் குடிமராமத்து. 1895இல் பெரியாறு அணை திறந்து வைகைக்குத் தண்ணீர் வந்ததும் மேலூர்ப் பக்கம் செழித்தது. அந்தத் தண்ணீர் எட்டாத ஊர்கள் மழையையே நம்பி நின்றன.

சரிவு மெதுவாக வரும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் அடைபடும், கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டும். வசதியுள்ளவர் போர்வெல் போட்டதும் பொதுவேலைக்கு ஆள் குறையும், நீர்பாய்ச்சி வேலையும் போகும். அப்புறம் பிள்ளைகள் திருப்பூருக்குப் போவார்கள். என் அம்மா பிறந்த ஊரில் பல வீடுகள் பொங்கலுக்கு மட்டும்தான் திறக்கின்றன. எந்த மடை எந்த வயலுக்கு என்று சொல்லக்கூட இப்போது அங்கே ஆளில்லை. எனக்கு அதுதான் பெரிய வலி.

சரி, தூர்வாரினால் ஊர் மீளுமா? கண்மாயை மட்டும் ஆழப்படுத்திப் பயனில்லை. முதலில் வரத்துக் கால்வாயைத் திறக்க வேண்டும்.