‘ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்’: எல்விஸ், வில்லி நெல்சன், பெட் ஷாப் பாய்ஸ்... கிட்டாரோடு மேடையில் பாட யாருடைய பதிவைக் கேட்டுப் பழகலாம்?

அமெரிக்க கன்ட்ரி (கிராமிய இசை) பாடகர் வில்லி நெல்சனின் 1982 பதிவைக் கேட்டுப் பழகுங்கள். எல்விஸ் பாடியதைக் கேட்டு மயங்கித்தான் நிறையப் பேர் இந்தப் பாட்டுக்கு வருகிறார்கள். ஆனால் ஒற்றைக் கிட்டாரை வைத்துக்கொண்டு அவர் பாணியில் பாடினால் முதல் சரணத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

காரணம் பாட்டின் கட்டமைப்பில் இருக்கிறது. வேன் கார்சன், ஜானி கிறிஸ்டோபர், மார்க் ஜேம்ஸ் மூவரும் சேர்ந்து எழுதியது. மெம்ஃபிஸில் வேலை இழுத்துக்கொண்டே போக, ஃபோனில் கோபப்பட்ட மனைவியிடம் கார்சன் ‘எப்பவும் உன் நினைப்புதான்’ என்று சமாதானம் சொன்னாராம். அந்தப் பேச்சிலிருந்து பிறந்த பாட்டு. ப்ரொடியூசர் சிப்ஸ் மோமன், நடுவே இன்னொரு பகுதி வேண்டும் என்று கேட்ட பிறகுதான் மற்ற இருவரும் உள்ளே வந்தார்கள். மோமன் கேட்டது மிகச் சரி. சரணம் முழுக்க ஒருவன் தன் குறைகளை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கிறான், அவ்வளவுதான். எந்தச் சாக்கும் சொல்வதில்லை, எதுவும் கேட்பதுமில்லை. உன் அன்பு செத்துவிடவில்லை என்று சொல், இன்னொரு வாய்ப்புக் கொடு என்று அவன் வாய்விட்டுக் கேட்பது அந்த நடுப்பகுதியில் மட்டும்தான். சரணத்திலேயே குரலைக் குழைத்துக் கெஞ்ச ஆரம்பித்துவிட்டால், அங்கே போய்ச் சேரும்போது ஏற்றுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. இந்தப் பாட்டைப் பாடுகிறவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

1972இல் மட்டும் மூன்று முக்கியப் பதிவுகள் உண்டு. க்வென் மெக்ரே ஸோல் பாணியில் பாடினார், பிரெண்டா லீ கன்ட்ரி பாணியில் பாடினார். எல்விஸ் மார்ச் 29 அன்று ஹாலிவுட்டில் ஆர்.சி.ஏ. ஸ்டூடியோவில் பதிவு செய்தார். மனைவி பிரிசில்லாவைப் பிரிந்து சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. அதனால் கேட்கிறவர்கள் அதை அவருடைய சொந்தக் கதையாகவே எடுத்துக்கொண்டார்கள். முதல் வரியிலிருந்தே கனத்த குரலில் பாடுகிறார். பின்னால் வயலின்களும் கோரஸும் தாங்கிப் பிடிப்பதால் அது நிற்கிறது. அந்தத் தாங்கல் இல்லாமல் நீட்டிப் பாடிப் பாருங்கள், ஒவ்வொரு நீட்டலும் அந்தரத்தில் தொங்கும்.

வில்லி பதிவுக்கும் ப்ரொடியூசர் அதே சிப்ஸ் மோமன்தான். வில்லியும் இன்னொரு கன்ட்ரி பாடகரான மெர்ல் ஹாகர்டும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்த சமயத்தில் இந்தப் பாட்டு வந்தது. ஹாகர்டுக்கு அது பிடிக்கவில்லை, வில்லி எடுத்துக்கொண்டார். கன்ட்ரி பட்டியலில் முதலிடம், பாப் பட்டியலில் ஐந்தாம் இடம், 1983இல் ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி.

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். எல்விஸ் ‘உன்னை நல்லபடியாக நடத்தவில்லையோ’ என்று தொடங்கி, பிறகு ‘போதிய அளவு நேசிக்கவில்லையோ’ என்பதற்கு வருகிறார். வில்லி இதைத் திருப்பிப் போட்டு, நேசிக்கவில்லையோ என்பதிலேயே தொடங்குகிறார். பெரிய குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிற மனிதனாக அவன் மாறிவிடுகிறான். எனக்கு இதுதான் நேர்மையான வரிசை. இன்னொன்று, அவர் தாளத்தின் மேல் பாடுவதில்லை. தட்டு விழுந்து கடந்த பிறகு, பேசுகிற மாதிரி சொல்லைப் போடுகிறார். இதைப் பழக மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 72 தட்டில் வைத்து முதலில் வரிகளை வெறுமனே பேசுங்கள். பிறகு மெட்டை ஏற்றுங்கள். குரலைத் தாமதிக்கும்போது கையும் கூடவே தாமதித்தால் பாட்டு இழுக்க ஆரம்பிக்கும். கை கடிகாரம் மாதிரி ஓடட்டும், குரல் மட்டும் பின்தங்கட்டும்.

சரணத்தின் உயிர் கீழே இறங்கும் பேஸ் வரிசை: ச நி த ப ம. டி ஸ்கேலில் நேராக வாசித்தால் இரண்டாவது கார்டுக்கு விரல் சிக்கும். கேபோவை (கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) இரண்டாம் ஃப்ரெட்டில் போட்டு சி வடிவங்களில் வாசியுங்கள்: சி, பி பேஸோடு ஜி, ஏ மைனர், ஜி பேஸோடு சி, எஃப், ஜி. ஐந்தாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட், இரண்டாம் ஃப்ரெட், திறந்த கம்பி, அடுத்து ஆறாம் கம்பியில் மூன்று, ஒன்று என்று கட்டைவிரல் படிப்படியாக இறங்கும் (ஃப்ரெட்டைக் கேபோவிலிருந்து எண்ணுங்கள்). இரண்டாவது கார்டில் பி பேஸை விட்டுவிட்டுச் சாதாரண ஜி பிடிப்பதுதான் வழக்கமான பிழை. பேஸ் ஒரே தாவலில் கீழே குதித்துவிடும், இறக்கம் அங்கேயே அறுந்துபோகும். பேஸ் கிட்டார்காரர் கூட இருந்தால் இறக்கத்தை அவரிடம் விட்டுவிடலாம்.

சுருதியைச் சரணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நடுப்பகுதியைப் பாடிப் பார்த்து, கத்தாமல் எட்டுகிற சுருதியை எடுங்கள். பெண் குரலுக்கு ஜி வசதிப்பட்டால், அதே சி வடிவங்களோடு ஏழாம் ஃப்ரெட்டில் கேபோ.

பிரிட்டிஷ் பாப் இரட்டையர் பெட் ஷாப் பாய்ஸின் 1987 பதிவு வேறு ரகம். எல்விஸ் இறந்து பத்தாண்டு ஆனதையொட்டி பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் செய்து, அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அங்கே முதலிடம் பிடித்தது. நடன வேகம், உணர்ச்சியைக் காட்டிக்கொள்ளாத குரல். பல்லவி முடிவில் நேராக வீட்டுக்கு, அதாவது ஸ்கேலின் முதல் கார்டுக்கு, வராமல் ஒரு சுற்றுச் சுற்றுகிறார்கள். டி ஸ்கேலில் சொன்னால் ஜி, ஏ வந்ததும் டி மைனர் செவன்த், மறுபடி ஜி, அப்புறம்தான் டி. இந்தச் சுற்றை உங்கள் பாட்டில் சேர்க்க ஆசையிருந்தால் தாராளமாகச் சேருங்கள், மெதுவான வேகத்திலும் அழகாக இருக்கும். கூட வாசிக்கிறவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் டி மைனர் பிடிக்கும்போது அவர் பழக்கத்தில் டி மேஜர் வாசித்தால் இரண்டு காந்தாரமும் மோதிக்கொள்ளும்.