ஜெர்மனியில் குடியேறுவோருக்கான பதிவும் வதிவிட அனுமதியும்: கேள்வி பதில்

வணக்கம். வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஜெர்மனிக்கு வந்த நம்மவர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 14 ஆண்டுகளாக இந்நாட்டில் குடியிருந்து, புதிதாக வந்த பலருடன் அலுவலகங்களுக்கு நடந்த அனுபவமே என் தகுதி; நான் வழக்கறிஞன் அல்லன்.

கேள்வி: அடுத்த மாதம் வேலை விசாவில் வருகிறேன். வந்தவுடன் எந்த அலுவலகத்துக்கு முதலில் செல்ல வேண்டும், ஐயா?

பதில்: இரண்டு அலுவலகங்களையும் ஒன்றென எண்ணிவிடாதீர்கள், பெரும்பாலான சிக்கல்கள் அந்தக் குழப்பத்திலிருந்துதான் தொடங்குகின்றன. 'ப்யூர்கர்ஆம்ட்' என்கிற குடிமக்கள் அலுவலகத்தில் நீங்கள் செய்வது 'அன்மெல்டுங்', அதாவது இந்த முகவரியில் வசிக்கிறேன் என்று பதிந்துகொள்வது. ஜெர்மானியரும் வீடு மாறும்போது இதைச் செய்தாக வேண்டும். 'அவுஸ்லெண்டர்பெஹோர்டே' என்கிற வெளிநாட்டினர் அலுவலகம்தான் நீங்கள் இந்நாட்டில் தங்கவும் வேலை செய்யவும் உரிமை தருகிறது. முகவரியைப் பதிந்துவிட்டதால் தங்கும் உரிமை நீண்டுவிடாது. விசா செல்லுபடியாக இருப்பதால் பதிவுக் கடமையும் நீங்கிவிடாது.

முதலில் செய்ய வேண்டியது முகவரிப் பதிவு. 2015 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள கூட்டாட்சிப் பதிவுச் சட்டத்தின்படி, குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் அதைச் செய்ய வேண்டும். கடவுச்சீட்டுடன், நீங்கள் குடிவந்ததை வீட்டு உரிமையாளர் உறுதிசெய்து கையொப்பமிட்ட தாளையும் கொண்டுசெல்லுங்கள். வாடகை ஒப்பந்தம் இந்தத் தாளுக்கு ஈடாகாது. பதிவு முடிந்ததும் 11 இலக்க வரி அடையாள எண் தபாலில் வரும். சம்பளம் சரியாகக் கணக்கிடப்பட அது தேவை. விசா முடியும் நாளுக்கு வெகுமுன்பே வதிவிட அனுமதி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். முதல் அட்டைக்கான கட்டணம் பொதுவாக 100 யூரோ.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இனிவரும் பதில்களிலும் இதைச் சொல்வேன். குடிபுகுந்த அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இங்கே கடிதம் கதவு எண்ணைப் பார்த்து வருவதில்லை; பெட்டியிலுள்ள பெயரைப் பார்த்தே போடப்படுகிறது. என் முதல் வீட்டில் பழைய குடித்தனக்காரரின் பெயரே பெட்டியில் இருந்தது. வரி எண் வந்த கடிதம் திரும்பிப் போய்விட்டது, அது திரும்பியதே எனக்குத் தெரியாது, முதல் சம்பளத்தில் பெரும்பகுதி வரியாகப் போன பிறகுதான் காரணம் விளங்கியது.

கேள்வி: இரண்டு வாரத்துக்குள் பதிவுக்கு அலுவலகத்தில் சந்திப்பு நேரமே கிடைக்கவில்லை. அபராதம் விதிப்பார்களா?

பதில்: தாமதமாகப் பதிந்தால் 1,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆயினும் பெருநகரங்களில் நேரம் கிடைப்பது அரிது என்பதை அலுவலகங்களே அறியும். இரண்டு வாரம் முடியுமுன் நேரம் பதிந்து, அந்த உறுதிச் செய்தியை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்திருந்தவர் எவரும் அபராதம் கட்டியதை நான் கண்டதில்லை.

கேள்வி: நான் இருக்கும் அறையின் உரிமையாளர் உறுதித்தாள் தர மறுக்கிறார். நண்பர் தன் முகவரியில் பதிந்துகொள்ளச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: கூடாது. குடியிருக்காத முகவரியில் பதிவது சட்டமீறல். குடியமர்த்தும் எண்ணமின்றிப் பதிவுக்காக மட்டும் முகவரியைக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். உதவ முன்வந்த நண்பரையே நீங்கள் ஆபத்தில் தள்ளுகிறீர்கள். உறுதித்தாள் தருவது உரிமையாளரின் கடமை. அவர் மறுத்தால் அதை உடனே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. தெரிவித்தால் அவர்களே அவரைக் கேட்பார்கள்.

கேள்வி: வரி எண் இன்னும் வரவில்லை. மிக அதிகமாக வரி பிடிக்கும் ஆறாம் வரிப்பிரிவில் பிடித்துவிட்டார்கள். பணம் போனதுதானா?

பதில்: போகவில்லை. எண் கிடைத்ததும் நிறுவனமே முந்தைய மாதங்களின் கணக்கைத் திருத்தலாம். தவறினால் ஆண்டு வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். தபால் பெட்டியில் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: மூவர் ஒரே வீட்டில் இருக்கிறோம். மூவருக்கும் பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வந்திருக்கிறது. எங்களிடம் தொலைக்காட்சியே இல்லை.

பதில்: தொலைக்காட்சி இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. கட்டணம் வீட்டுக்கு ஒன்று, மாதம் 18.36 யூரோ. ஒருவர் கட்டினால் போதும். மற்ற இருவரும் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கடன் ஏறும்.

கேள்வி: அன்மெல்டுங் நேரம் ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்தது. சிக்கல் வருமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கான பதிலே இதற்கும் பொருந்தும். உறுதிச் செய்தியைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: என் இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது. முழுப்பெயரும் இயற்பெயர் கட்டத்தில் உள்ளது. இதனால் தொல்லை உண்டா?

பதில்: உண்டு, இதை விரிவாகவே சொல்கிறேன். நம் வழக்கத்தில் ஒருவருக்குப் பெயர் ஒன்று, அதன் முன்னே தந்தை பெயரின் தலைப்பெழுத்து, அவ்வளவுதான். ஜெர்மன் பதிவேடு குடும்பப் பெயர், இயற்பெயர் என்ற இரண்டு கட்டங்களால் ஆனது. குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ள கடவுச்சீட்டோடு வருகிறவருக்கு, இருக்கிற பெயர் முழுவதும் குடும்பப் பெயராக ஏறி, இயற்பெயரின் இடத்தில் வெறும் கோடு நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எடுத்துக்காட்டாக, கண்ணன் முத்துசாமி என்பவரை ஓர் அலுவலகம் 'கண்ணன் முத்துசாமி' என்னும் குடும்பப் பெயருடையவராக எழுதும். வங்கி 'முத்துசாமி, கண்ணன்' என்று எழுதும். காப்பீட்டு நிறுவனம் இரண்டையும் இடம் மாற்றி எழுதும். மூன்று தாள்களில் மூன்று மனிதர்கள் பிறந்துவிடுவார்கள். அவர்கள் ஒருவரே என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். இயலுமானால் ஊரிலிருந்து புறப்படுமுன் பெயரைப் பிரித்துப் புதிய கடவுச்சீட்டு பெற்று, அதன்பின் விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: இந்த ஆலோசனையை நான் ஏற்கவில்லை, ஐயா. தமிழர்கள் குடும்பப் பெயர் இல்லாமல் வாழ்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஓர் அலுவலகப் படிவத்துக்காக அதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறீர்களா?

பதில்: அந்த வரலாற்றை நானும் மதிக்கிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. அதன் பயனை என் தாத்தாவின் பெயருக்கும் என் தந்தையின் பெயருக்கும் உள்ள வேறுபாட்டில் நேரிலேயே பார்க்கிறேன். ஆனால் நான் சாதிப் பெயரைச் சேர்க்கச் சொல்லவில்லை. தலைப்பெழுத்தாக நீங்கள் ஏற்கெனவே சுமக்கிற தந்தையின் பெயரை விரித்து எழுதி, அதற்கென உள்ள கட்டத்தில் வைக்கச் சொல்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டிலேயே தலைப்பெழுத்து மட்டும் நிற்க முடியாது. விரித்துத்தான் எழுத வேண்டும். ஆகவே, எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பது மட்டுமே மிச்சமுள்ள கேள்வி.

கேள்வி: (அதே வாசகர்) கட்டம் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். இங்கே எல்லோரும் என்னை என் தந்தையின் பெயரால் அழைக்கிறார்கள். கடிதங்களும் அவர் பெயருக்கே வருகின்றன. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

பதில்: இது உங்களுக்கு எவ்வளவு வலியைத் தரும் என்பது எனக்குப் புரிகிறது, அந்த வலியை நான் மறுக்க மாட்டேன். அலுவலகக் கடிதத்தில் அழைக்கப்படும் பெயர் உங்கள் கையில் இல்லை. ஆனால் உடன் பணிபுரிவோரும் அண்டை வீட்டாரும் எப்படி அழைக்க வேண்டும் என்பதை நீங்களே சொல்லலாம், சொன்னால் மதிக்கிறார்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் உங்கள் இயற்பெயர் காப்பாற்றப்படும் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். அப்போதுதான் இயற்பெயரின் இடத்தில் கோடு விழுகிறது.

கேள்வி: பெயர் குறித்த இந்த உரையாடலில் நானும் சேர்ந்துகொள்கிறேன். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என் தந்தையுடையது, கணவருடையதில் அவர் தந்தையுடையது. குழந்தை பிறக்கப் போகிறது. அதற்கு எந்தப் பெயர் வரும்? நானும் பெயரை மாற்ற வேண்டுமா?

பதில்: நீங்கள் மாற்ற வேண்டியதில்லை, இங்கே கணவனும் மனைவியும் தத்தம் பெயரிலேயே இருக்கலாம். குழந்தையின் பிறப்பு ஒரு வாரத்துக்குள் பிறப்புப் பதிவகத்துக்கு அறிவிக்கப்பட வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் மருத்துவமனையே அறிவித்துவிடும். பெயரைப் பொறுத்தவரை, பெற்றோரின் நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்க இடமுண்டு. ஆகவே தந்தையின் இயற்பெயரைக் குழந்தையின் குடும்பப் பெயராக வைக்கும் நம் வழக்கத்தைப் பதிவகத்தில் எடுத்துச்சொல்லிக் கேளுங்கள். பிரசவத்துக்கு முன்பே சென்று பேசுவது நல்லது. பிள்ளை பெற்ற வாரத்தில் எந்தத் தாய்க்கும் அதற்குத் தெம்பு இருக்காது. பன்மொழிப் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். மூன்று குடும்பப் பெயர்களோடு நீங்கள் எல்லை கடக்கும்போது உறவைக் காட்டும் தாள் அதுவே. குழந்தைக்கான வதிவிட அனுமதியைப் பிறந்த ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், இந்தியத் தூதரகத்தில் அதன் கடவுச்சீட்டு வேலையையும் உடனே தொடங்குங்கள்.

கேள்வி: என் அட்டை மூன்று வாரத்தில் காலாவதியாகிறது. வெளிநாட்டினர் அலுவலகத்தில் நேரம் கிடைக்கவில்லை. வேலை போய்விடுமா? டிசம்பரில் ஊருக்கும் போக வேண்டும்.

பதில்: எழுத்தில் விண்ணப்பியுங்கள், இன்றே. நேரம் கிடைப்பதும் விண்ணப்பம் சேர்வதும் வெவ்வேறு. அட்டை முடியும் நாளுக்கு முன் விண்ணப்பம் அலுவலகத்தைச் சேர்ந்துவிட்டால், வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவின்படி, முடிவு வரும்வரை பழைய அனுமதி அதன் வேலை உரிமையோடு தொடர்வதாகக் கொள்ளப்படும். அலுவலகத்தின் இணையப் படிவத்திலோ பதிவுத் தபாலிலோ அனுப்பி, அனுப்பிய நாளுக்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிலையைக் காட்டும் தாளுக்கு 'ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங்' என்று பெயர். அதைக் கையில் வாங்கியதும் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 4ஆம் உட்பிரிவு என்றால், பழைய அட்டையையும் கடவுச்சீட்டையும் உடன் வைத்துக்கொண்டு ஊருக்குச் சென்று திரும்பலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் இங்கே தங்கலாம். ஆனால் நாட்டை விட்டு வெளியேறினால் அந்தத் தாளைக் காட்டித் திரும்ப நுழைய முடியாது. விமான நிலைய ஊழியர்கள் பலருக்கு இந்தத் தாள் பழக்கமில்லை. ஆகவே 4ஆம் உட்பிரிவு உடையவரும் புறப்படுமுன் விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் தவறிவிட்டாலும் இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. மிகுந்த இன்னலைத் தவிர்ப்பதற்காக, தாமதித்தவருக்கும் அலுவலகம் அதை வழங்கலாம். ஆனால் அது அவர்கள் முடிவு, உங்கள் உரிமை அன்று. குறுகிய காலப் பயணத்துக்கான ஷெங்கன் விசாவில் வந்தவர்களுக்கு 4ஆம் உட்பிரிவு பொருந்தாது.

கேள்வி: பதிவு நேரம் கிடைக்கவில்லை, இரண்டு வாரம் முடிந்துவிட்டது...

பதில்: மேலே இருமுறை பதில் இருக்கிறது. அன்புகூர்ந்து படியுங்கள்.

கேள்வி: திருமணச் சான்றிதழுக்கு டெல்லியில் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்றளிப்பது) வாங்கிவிட்டேன். இங்கே ஏற்பார்களா?

பதில்: முத்திரைக்குச் செலவழிக்குமுன் கேட்டிருக்கலாம் என்று வருந்துகிறேன். இந்தியா 2005இல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி அதற்கு ஆட்சேபம் தெரிவித்தது. எனவே இரு நாடுகளுக்கிடையே அது செல்லாது. இந்திய ஆவணத்தின் உண்மைத்தன்மையில் ஐயம் இருந்தால், ஜெர்மன் அலுவலகம் இந்தியாவிலுள்ள தன் தூதரகம் வழியாக அதைச் சரிபார்க்கச் சொல்லும். அதற்குப் பல மாதங்கள் ஆகும், செலவும் உங்களுடையது. எந்த அலுவலகம் கேட்கிறதோ அதனிடம் எழுத்தில் கேட்டுவிட்டு அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு உடல்நலமில்லை. ஏழு மாதம் ஊரில் தங்க நேரலாம். அனுமதி என்ன ஆகும்?

பதில்: பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் வதிவிட அனுமதி தானாகவே அற்றுப்போகும், உயர்தகுதிப் பணியாளருக்கான நீல அட்டைக்கு 12 மாதம். நீண்ட காலம் வேண்டுமென்று புறப்படுமுன்பே வெளிநாட்டினர் அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பெற்றுச் செல்லுங்கள். அம்மா விரைவில் தேறட்டும்.

கேள்வி: உறவினர் ஒருவரின் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டுள்ளது. என்ன செய்வது?

பதில்: இது என் அறிவுக்கு உட்பட்டதன்று, மேல்முறையீட்டுக் கெடு மிகக் குறுகியது. இன்றே வழக்கறிஞரிடமோ காரித்தாஸ், டியாகோனி ஆகிய திருச்சபைத் தொண்டு அமைப்புகளின் ஆலோசனை மையத்திடமோ கடிதத்துடன் போங்கள்.

கேள்வி: (பெயர் குறித்து முதலில் கேட்ட வாசகர்) நான் ஏற்கெனவே ஜெர்மனி வந்துவிட்டேன். இனிப் பெயரைப் பிரித்துக்கொள்ள வழியுண்டா?

பதில்: உண்டு. இங்குள்ள இந்தியத் தூதரகத்திலேயே பெயரைப் பிரித்துப் புதிய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்ததும் முதலில் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கும் முகவரிப் பதிவு அலுவலகத்துக்கும் காட்டி, இரண்டிலும் ஒரே பிரிப்பு ஏறியதை உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு வேலையிடம், காப்பீடு, வங்கி. பழைய கடவுச்சீட்டையும் எப்போதும் உடன் வைத்திருங்கள், ஏனெனில் நீங்கள் நாட்டுக்குள் நுழைந்த விசா அதில்தான் இருக்கிறது. எல்லாம் முடிந்த அன்று தபால் பெட்டியில் உள்ள பெயர்ச்சீட்டையும் மாற்றுங்கள். சில மாதங்களுக்குப் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் அதில் இருக்கட்டும்.