மெழுகும் மூங்கிலும் நாலு வாக்கியமும்

(ஆஸ்திரேலியப் பள்ளிகளில் இந்தோனேசிய மொழி படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள்)

கே: மகள் மெல்பர்னில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் இரண்டாம் மொழி இந்தோனேசியம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். இது அவளைக் குழப்பிவிடுமா?

ப: குழப்பாது, கைகொடுக்கும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளை தடுமாறும் இடங்கள் சில தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்கெனவே பழகியவை. கேட்பவரையும் சேர்த்து 'நாம்' என்றால் 'கித்தா', அவரை விட்டுவிட்டு 'நாங்கள்' என்றால் 'காமி'. 'ஆசிரியர் அல்ல' என்பதற்கு 'புக்கான்', 'வரவில்லை' என்பதற்கு 'தீடாக்'. 'சூடா மாக்கான்?' என்றால் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்கள். சாப்பிடவில்லை என்றால் 'தீடாக்' என்று வெட்டிப் பேசக் கூடாது, 'பெலும்' என்க வேண்டும். நம் 'இன்னும் இல்லை'தான் அது.

பெரியவர்களை 'காமு' என்று அழைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது நம் 'நீ'. ஆசிரியரிடம் 'பாக்' (ஐயா), 'பு' (அம்மா) என்ற விளியே முன்னிலைக்கும் போதும், 'சார் எப்ப வருவீங்க' என்று நாம் கேட்பது போல. கப்பலுக்கு 'காப்பால்', கடைக்கு 'கெடாய்', வியாபாரத்தில் போடும் முதலுக்கு 'மோடால்'. இவை தமிழிலிருந்து போன சொற்கள். இதைச் சொன்னால் பிள்ளை ஒரு வாரத்துக்கு வேறு சொற்களையும் தேடிக்கொண்டிருப்பாள்.

கே: பள்ளிக்கே ஆளை வரவழைத்து பாத்திக் (துணியில் மெழுகால் கோடிட்டு, மெழுகு படாத இடத்தில் சாயம் ஏற்றும் கலை) பட்டறை நடத்துகிறோம் (இங்கே 'இன்கர்ஷன்' என்கிறார்கள்). போன தடவை கோடெல்லாம் சாயத்தில் கரைந்து வண்ணக் குழம்பாகிவிட்டது. எங்கே தவறு?

ப: பெரும்பாலும் மெழுகின் சூட்டில். சாந்திங் என்னும் செம்பு மூக்கு வைத்த மெழுகுப் பேனாவால் இழுத்த கோடு துணிக்குள் ஊறியிருந்தால் ஈரம் பட்டது போல் கருமையாகத் தெரியும். வெள்ளையாக மேலேயே உட்கார்ந்திருந்தால் மெழுகு ஆறிவிட்டது, சாயம் அடியில் புகுந்துவிடும். புகை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது, கோடு பரவும். ஒவ்வொரு பிள்ளையும் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்புறம் கோடு விட்டுப்போன இடங்களில் பின்னாலிருந்தும் ஒருமுறை இழுக்கலாம்.

துணி சுத்தப் பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் கலந்தால் சாயம் ஏறாது. புதுத் துணியின் கஞ்சி போக முன்கூட்டியே துவைத்துவிடுங்கள். 30 செ.மீ. சதுரம் ஒரு பிள்ளைக்குத் தாராளம். சாந்திங்கின் கிண்ணத்தில் பாதி மட்டுமே மெழுகு எடுக்கவும். துணிக்குக் கொண்டுபோகும் வழியில் மூக்கு சற்றே மேல்நோக்கி இருக்கட்டும், அடியில் ஒரு பழந்துணியைப் பிடித்துக்கொள்ளவும். சொட்டு விழுவது குறையும். அடைத்தால் சூடான மெழுகிலேயே சற்று நேரம் அமிழ்த்தி வையுங்கள். சாயம் குளிர்ந்த நீரில் கரைந்ததாக இருக்க வேண்டும், வெந்நீர் பட்டால் மெழுகு இளகும்.

ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பதும் வினைதான். ரெமசால் என்னும் துணிச்சாயத்தைத் தூரிகையால் தீட்டிக் காயவிட்டு, சாயத்தைத் துணியில் நிலைக்கவைக்கும் வாட்டர்கிளாஸ் கரைசலைப் பூசி, இரவு முழுக்க விட்டுத்தான் அலச வேண்டும். அதன் பிறகே கொதிநீரில் மெழுகை நீக்குவது. அதற்கு 'லோரோட்' என்று பெயர். அந்த நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆறினால் மெழுகு மேலே ஏடாகக் கட்டும், எடுத்துவிடலாம். கையில் மெழுகு பட்டால் 20 நிமிடம் குழாய்நீரில் காட்டுங்கள், ஒட்டிய மெழுகைப் பிய்க்காதீர்கள்.

மெழுகுக்கு இந்தோனேசியப் பெயர் 'மாலம்'. இரவுக்கும் அதே சொல்தான். தமிழ்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்க விடுங்கள். சொல் மறக்காது.

கே: இந்தோனேசிய உணவகத்துக்கு வகுப்பைக் கூட்டிப்போகிறார்கள். நாங்கள் சைவம்.

ப: 'தன்பா டாகிங்' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது, கோழியோ மீனோ வந்து நிற்கும். 'சாயா தீடாக் மாக்கான் டாகிங், ஆயாம், இக்கான், உடாங்' என்று நாலையும் அடுக்கச் சொல்லுங்கள். இறைச்சி, கோழி, மீன், இறால். அப்புறமும் 'தெராசி' ஒளிந்திருக்கும். இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் விழுது அது. சம்பலிலும் (மிளகாய் விழுது) சில இடங்களில் காடோ-காடோ (காய்கறியும் கடலைக் குழம்பும்) குழம்பிலும் சேர்ப்பார்கள். தட்டோரம் வைக்கும் அப்பளம் பெரும்பாலும் இறாலில் செய்ததே. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளையிருந்தால் பள்ளி முந்தின வாரமே பேசியாக வேண்டும், சாத்தே (கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி) உடன் வரும் குழம்பே கடலைதான். சைவத்துக்குப் பயமின்றிச் சாப்பிட நல்லது பொரித்த தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), சம்பல் இல்லாமல். எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

மொழிப் பயன் வேண்டுமென்றால் பிள்ளையே பேசி வாங்கட்டும். 'சாயா மாவ் பெசான்...' (எனக்கு வேண்டியது...) என்பதை முதல் நாளே வீட்டில் பத்து முறை சொல்லிப் பழகினால் போதும். ஆசிரியரே எல்லாருக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்துவிடும் பயணத்தில் மிஞ்சுவது சாப்பாடு மட்டும்.

கே: அங்க்ளுங் (குலுக்கி வாசிக்கும் மூங்கில் கருவி) வாசிக்கிறார்கள். பாட்டு துண்டு துண்டாகக் கேட்கிறதே?

ப: ஒரு அங்க்ளுங்கில் ஒரே சுரம். அதனால்தான் ஒரு வகுப்பே சேர்ந்து வாசிக்கிறது. 24 பேருக்கு எட்டு சுரம், சுரத்துக்கு மூவர். தன் சுரம் முடிந்ததும் பிள்ளை சட்டென்று நிறுத்திவிடுவதால்தான் இடைவெளி விழுகிறது. அடுத்த சுரம் தொடங்கும் வரை குலுக்கச் சொல்லுங்கள். இடது கை மேல் சட்டத்தைத் தொங்கப் பிடிக்கும், வலது கை அடிக்குழாயைப் பக்கவாட்டில் ஆட்டும். சாய்த்துப் பிடித்தால் மூங்கில் சட்டத்தில் சிக்கி ஒலி மட்டுப்படும்.

கே: டார்வின் பக்கம் போகிறோம். மொழிக்கு அங்கே ஏதாவது உண்டா?

ப: உண்டு. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலிருந்து மக்காசார் மாலுமிகள் கடல் அட்டை பிடிக்க வட ஆஸ்திரேலியக் கரைக்கு 1906-07 வரை வந்துபோனார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் டார்வினுக்குக் கிழக்கே ஆர்ன்ஹம் நிலத்தில் வாழும் யோல்ங்கு பழங்குடி மக்களிடம் இன்றும் உண்டு. பணம் 'ருப்பியா', வெள்ளையர் 'பலண்டா'. பலண்டா என்றால் மூலத்தில் ஹாலந்துக்காரர், மலாய் மொழியின் 'பெலண்டா'. ருப்பியா எங்கிருந்து வந்தது என்று உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள். பையிலிருக்கும் ரூபாயை நீங்கள் எடுத்துக் காட்டலாம்.