எஃப்-1 ஸ்டூடண்ட் விசாவுல இருந்துட்டு சம்மர் ரிசர்ச்: தம்பிக்கு என் பதில்

தம்பி, போன ஆகஸ்ட்ல எஃப்-1ல அமெரிக்கா வந்து மெக்கானிக்கல் முதல் வருஷம் படிக்கிறேன், சஸ்டெயினபிள் டிசைன்ல சம்மர் ரிசர்ச் பண்ணணும், ஆனா பாக்குற ஆர்இயூ (காலேஜ் பசங்களுக்கான சம்மர் ரிசர்ச் ப்ரோகிராம்) எல்லாத்துலயும் சிட்டிசனா இல்ல கிரீன் கார்டு இருக்கான்னு கேக்குறாங்க, வேற வழி இருக்கான்னு கேட்டிருந்தீங்க. இருக்கு. நானும் அதே விசாவுல வந்து இங்கயே தங்கிட்டவன்தான்.

ஆர்இயூவுக்குப் பணம் தர்றது என்எஸ்எஃப்ங்கிற அமெரிக்க அரசோட அறிவியல் நிதி அமைப்பு, அதுல ஸ்டைபெண்ட் (உதவித்தொகை) வாங்க அந்த ரெண்டுல ஒண்ணு வேணும், ஜிபிஏ எவ்ளோ இருந்தாலும் ரூல் மாறாது. அதனால உங்க காலேஜ்லயே தேடுங்க. ப்ரொஃபசர்ங்க சொந்த கிராண்ட்லருந்து மணிக்கணக்குல சம்பளம் கொடுத்து ஆள் எடுப்பாங்க, செமஸ்டர்ல வாரம் 20 மணி நேரம்தான் லிமிட், சம்மர் லீவ்ல கேம்பஸ்குள்ள ஃபுல் டைமே பண்ணலாம். வெளி லேப்னா சிபிடி, அதாவது படிப்போட பாகமா வெளிய வேலை பண்றதுக்கான அனுமதி வேணும், அதுக்கு ஒரு அகாடமிக் வருஷம் முடிஞ்சிருக்கணும், வேலையும் உங்க படிப்போட சேர்ந்ததா இருக்கணும். எதுக்கும் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி டிஎஸ்ஓவ (காலேஜ்ல வெளிநாட்டுப் பசங்க விசா விஷயத்தப் பாக்குற ஆபீசர்) பாத்துப் பேசிடுங்க ப்ளீஸ், விசா விஷயத்துல ஃப்ரெண்ட் சொன்னான்னு எதுவும் பண்ணாதீங்க.

இப்போ ரிசர்ச் பத்தி, எனக்கு மனசுக்குப் பிடிச்ச பார்ட் இதான். என் முதல் சம்மர்ல பேப்பர் கப்பையும் பீங்கான் கப்பையும் எல்சிஏ (ஒரு பொருள் செய்யறதுலருந்து தூக்கிப் போடற வரைக்கும் சுற்றுச்சூழலுக்கு எவ்ளோ பாதிப்புன்னு போடற கணக்கு) பண்ணேன், ஒண்ணுக்கு ஒண்ணுன்னு வெச்சுப் பாத்ததுல பேப்பர் ஈஸியா ஜெயிச்சிடுச்சு, சூளையில சுடுற எனர்ஜி அவ்ளோ. ப்ரொஃபசர் பாத்துட்டு ஃபங்ஷனல் யூனிட் (எந்தப் பயன அளவா வெச்சு ஒப்பிடுறோம்ங்கிறது) என்னன்னு மட்டும் கேட்டார். அப்பதான் உறைச்சுது, ஒப்பிட வேண்டியது கப்ப இல்ல, ஆயிரம் தடவ காபி குடிக்கிறத! அப்படிப் போட்டா சூளை எனர்ஜி ஆயிரமா பிரிஞ்சிடுது, ஒவ்வொரு தடவையும் கழுவுற சுடுதண்ணி கணக்குதான் முன்னாடி வந்து நிக்குது, அப்புறம் டிசைன் கேள்வியே மாறிப்போச்சு, கப்போட கனத்தக் குறைக்கிறத விட்டுட்டு கொஞ்சம் தண்ணியில சீக்கிரம் சுத்தமாகுற வடிவத்த யோசிச்சோம். பத்து வாரத்துல முக்காவாசி டேட்டா தேடுறதுலயே போச்சு, அதுக்கு மனச ரெடி பண்ணிக்கோங்க.

ஓப்பன்எல்சிஏ ஃப்ரீ சாஃப்ட்வேர், இந்த டிசம்பர் லீவ்லயே இறக்கி தினம் தொடுற ஏதாவது ஒரு பொருளுக்கு இப்படிக் கணக்கு போட்டுப் பாருங்க. ஜனவரியில ப்ரொஃபசருக்கு மெயில் போடறப்போ அவரோட ஒரு பேப்பரப் படிச்சிட்டு அதுல தோணின கேள்விய எழுதி, நீங்க போட்ட அந்தக் கணக்கையும் ரெண்டு பக்கத்துல எழுதிச் சேர்த்து அனுப்புங்க. பதில் வரலைன்னா ரெண்டு வாரம் கழிச்சு நேர்லயே ஆபீஸ் அவர்ஸுக்குப் போங்க.